மிலார் போர்த்திய செடியும் 2.7 கெல்வின் வானமும்: பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைச் சரிவில் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, "இதில் பெருவெடிப்புச் சத்தம் கேட்குமா?" என்று கேட்காத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். குளிர்கால இரவுகளில் தெருப் பிள்ளைகளுக்குச் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்து வானம் காட்டுவதும் உண்டு. அப்போது வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அவற்றில் பின்னணிக் கதிர்வீச்சையும் அதை அளந்த செயற்கைக்கோள்களையும் பற்றியவை மட்டும் இங்கே. கேட்டவர்களில் பத்து வயதுப் பெண்ணும் உண்டு, தேயிலைத் தோட்ட மேஸ்திரியும் உண்டு. அதனால் பதில்கள் ஒரே உயரத்தில் இருக்காது.

பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு என்றால் என்ன?

பிரபஞ்சம் இளமையில் தகித்துக்கொண்டிருந்தபோது அதை நிறைத்திருந்த ஒளியின் மிச்சம். வானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வருகிறது. இரவு பகல், பருவம் எதுவும் அதற்குக் கிடையாது. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது மைனஸ் 270.4 டிகிரி செல்சியஸ். அலைநீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் உச்சம் கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோவேவ் இனத்தைச் சேர்ந்தது. எந்த நொடியில் எடுத்துப் பார்த்தாலும் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் இதன் ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், சுமார் 411 இருக்கும். வர்க்கியைக் கடிக்கும்போது உதிருமே ஒரு துண்டு, அவ்வளவு இடத்தில்.

"மூடுபனி விலகியதும் ஒளி புறப்பட்டது" என்கிறார்களே, என்ன பொருள்?

உவமை நல்லது, ஆனால் பாதி வழிதான் கூட வரும். குன்னூர் மலைப்பாதையில் மூடுபனி இறங்கியிருக்கும்போது பஸ்ஸின் முகப்பு விளக்கு பத்தடி தாண்டாது. ஒளி ஒவ்வொரு துளியிலும் மோதித் திசை மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஆரம்ப காலப் பிரபஞ்சத்தில் துளிகளின் வேலையைச் செய்தவை எதிலும் ஒட்டாமல் திரிந்த எலக்ட்ரான்கள். அப்போது ஒளி இருந்தது. ஆனால் நேராகப் போக அதற்கு வழி இல்லை.

பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்து சுமார் 3,000 கெல்வினுக்கு வந்தபோது எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாயின. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்த நேரம் அது. வெயில் ஏறியதும் மலையில் துளிகள் ஆவியாகிவிடும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, காற்றில்தான் இருக்கிறது, ஆனால் எதிர்ச் சரிவு தெரிகிறது. அங்கும் அதேபோல்தான்: எலக்ட்ரான்கள் அங்கேயே இருந்தன, வழி மட்டும் திறந்தது. உவமை கைவிடும் இடம் இது: நம் மலையில் சூடு ஏறினால் வழி திறக்கும், அங்கே சூடு இறங்கியதால் திறந்தது.

3,000 கெல்வினில் புறப்பட்டது 2.7 கெல்வினாக எப்படி ஆனது?

வழியில் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்துவிட்டது. ஒளியின் அலைநீளமும் கூடவே அவ்வளவு மடங்கு நீண்டது. 3,000-ஐ 1,100-ஆல் வகுத்துப் பாருங்கள்.

முத்தோரைத் தொலைநோக்கி இதை அளக்கிறதா?

இல்லை, அளக்கவும் முடியாது. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளத்தில். அந்த அதிர்வெண்ணில் நம் பால்வீதியே பெரும் இரைச்சல் போடுகிறது. அதன் காந்தப்புலத்தில் சுற்றும் எலக்ட்ரான்களின் சத்தம் அது. அம்மன் கோயில் திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரோ முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? பின்னணிக் கதிர்வீச்சைக் கேட்க வேண்டுமானால் அதைவிட நூறு, இருநூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண்களுக்குப் போக வேண்டும். அங்கே பால்வீதி ஓரளவு அடங்கியிருக்கும்.

ஆனாலும் இந்தக் கதையில் முத்தோரைக்கு ஓர் இடம் உண்டு. உள்ளூர்க்காரர்களே அதை அறியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் இந்தத் தொலைநோக்கி தயாரானது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன பரப்பு. சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காகக் கிடத்தினார்கள். ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரிதான். அதனால் தொலைநோக்கியின் நெடுக்கு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே ஒரு திருப்பலில் விண்மீன்களை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. மலையின் சரிவையே கருவியின் பாகமாக்கிய யோசனை அது. பஸ்ஸில் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொள்வேன்.

அங்கே செய்த வேலை இது. நிலா ஒரு ரேடியோ விண்மீன் மண்டலத்தை மறைக்கும் நொடிகளில், சமிக்ஞை எப்படி மங்குகிறது என்று பார்த்து அந்த மண்டலத்தின் கோண அளவைக் கணக்கிட்டார்கள். அப்படி நூற்றுக்கணக்கானவற்றை அளந்து, ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொலைவில் இருக்கும், அதாவது பழைய காலத்து மண்டலங்கள் இன்றைய மண்டலங்களைப் போல இல்லை. பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது. என்றும் ஒரே மாதிரி இருக்கும் பிரபஞ்சம் என்ற நிலைப்புக் கொள்கைக்கு இது அடி. பின்னணிக் கதிர்வீச்சு ஏற்கெனவே அந்தக் கொள்கையை ஆட்டம் காண வைத்திருந்தது. முத்தோரை வேறு பாதையில் போய் அதே பக்கம் சாட்சி சொன்னது.

ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கூடம் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பெயர்க் குழப்பம். காஸ்மிக் கதிர்கள் என்பவை பெரும்பாலும் புரோட்டான் போன்ற துகள்கள். வெறி பிடித்த வேகத்தில் வந்து காற்றில் மோதுகின்றன. கிரேப்ஸ்-3 என்ற ஊட்டிக் கூடம் அந்த மோதலில் கொட்டும் துகள் மழையைப் பதிவு செய்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று நம் தலைக்கு மேல் போன ஓர் இடிமேகத்தில் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, அந்தத் துகள் மழையில் வரும் மியூவான் என்ற துகள்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள். பின்னணிக் கதிர்வீச்சோ சாதுவான ஒளி.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மிக மிக ஆற்றல் வாய்ந்த காஸ்மிக் துகள் விண்வெளியில் நெடுந்தூரம் பயணம் செய்தால், வழியில் இந்தச் சாதுவான ஃபோட்டான்களில் மோதி ஆற்றலை இழக்கும். 1966-இலேயே இதைக் கணித்துவிட்டார்கள்.

2,200 மீட்டர் உயரத்தில்தானே இருக்கிறோம், இங்கிருந்தே அளக்கக் கூடாதா? எதற்குச் செயற்கைக்கோள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மேஸ்திரி. அவருக்கே தெரிந்த விஷயத்தை வைத்துப் பதில் சொன்னேன்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி எந்த இரவில் விழும்? மேகமில்லாமல், காற்று அசையாமல், வானம் பளிச்சென்று இருக்கும் இரவில். காலையில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருக்கும். பள்ளத்துத் தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆளுயரத்தில் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே தரையில் புல் உறைந்திருக்கும். காற்றைவிடப் புல் குளிர்ந்துவிடுகிறது. எப்படி? புல் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வானத்திலிருந்து திரும்பி வருவது அதைவிடக் குறைவு. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி திருப்பி அனுப்பும். மேகமில்லாத உலர்ந்த இரவில் அனுப்பியதில் பெரும்பகுதி போனது போனதுதான்.

நாற்றுகளை எதனால் மூடுகிறோம்? கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டி வந்து போர்த்துகிறோம். மிலார் ஒன்றும் சூடான பொருளில்லை. ஆனால் அது செடிக்கும் வானத்துக்கும் நடுவில் நிற்கிறது. செடி இப்போது வானத்தைப் பார்க்காமல் மிலாரைப் பார்க்கிறது. செடி பிழைக்க வேண்டுமென்றால் வானம் அதன் கண்ணில் படக் கூடாது.

"அந்த வானம் எவ்வளவு குளிர் சார்?" என்றார் மேஸ்திரி. ஆழத்தில் 2.7 கெல்வின். நடுவில் இருக்கும் காற்றும் அதன் ஈரமும் தங்கள் பங்குக்குக் கதிர்வீசிக்கொண்டிருப்பதால்தான் நம் தோட்டங்கள் தப்பிக்கின்றன. காரட்டைக் காப்பாற்றும் அதே ஈரம்தான் விஞ்ஞானியின் கண்ணை மறைக்கிறது. நீராவியும் ஆக்சிஜனும் மில்லிமீட்டர் அலைகளை விழுங்குகின்றன, தாங்களும் உமிழ்கின்றன. நீலகிரியின் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, இங்கே கருவியை வைத்தால் அது அளப்பது பெரும்பாலும் நீலகிரியைத்தான். தென்துருவம், சிலியின் அடகாமா போன்ற உலர்ந்த, உயர்ந்த இடங்களிலிருந்து தரையிலேயே அருமையான வேலை நடக்கிறது. ஆனால் வானம் முழுவதையும், எல்லா அதிர்வெண்களிலும், குறுக்கே எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை.

மேலே போனாலும் தொல்லை விடாது. சூரியனும் பூமியும் நிலாவும் கருவியின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் போதும், கணக்குக் கெட்டுவிடும். அதனால் அவற்றின் பக்கம் மறைப்புக் கட்டுகிறார்கள். செடிக்கு வானம் தெரியாமல் இருக்க மிலார். கருவிக்கு வானம் மட்டுமே தெரிய அந்த மறைப்பு. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் பெரும்பாடு முழுவதும் இதுதான்: நடுவில் நிற்பதை ஒவ்வொன்றாகக் கழிப்பது.

முதலில் கண்டுபிடித்தது யார்? புறாக் கதை உண்மையா?

உண்மைதான். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் 20 அடி கொம்பு வடிவ ஆன்டெனாவில் அர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் காரணம் தெரியாத இரைச்சல் ஒன்றைக் கண்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் சுமார் 3.5 கெல்வின் மிஞ்சியது. ஆன்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள், இரைச்சல் போகவில்லை. 60 கிலோமீட்டர் தள்ளி பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதே கதிர்வீச்சைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. 1965-இல் இரு தரப்பும் அடுத்தடுத்துக் கட்டுரை எழுதின. நோபல் 1978-இல் பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் போனது.

1948-இலேயே சுமார் 5 கெல்வின் என்று கணித்த ரால்ஃப் ஆல்ஃபரையும் ராபர்ட் ஹெர்மனையும் பலர் மறந்துவிடுகிறார்கள். புறா எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

முதல் செயற்கைக்கோள் எது?

பின்னணிக் கதிர்வீச்சுக்கென்று கருவி சுமந்த முதல் விண்கலம் 1983-இல் சோவியத் யூனியன் அனுப்பிய பிராக்னாஸ் 9. ரெலிக்ட்-1 என்ற சோதனை அதில் இருந்தது. ஆனால் கதையை மாற்றியது 1989 நவம்பர் 18 அன்று நாசா ஏவிய 'கோபி'. வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னபோது பின் வரிசையிலிருந்து ஒருவன், "செட்டிபாளையம்" என்று முடித்து வைத்தான். சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆனது. மலையிறங்கிச் சத்தி ரோட்டைப் பிடித்தால் வருகிற கோபி வேறு, இது வேறு.

விண்வெளி ஓடத்தில் போக வேண்டிய செயற்கைக்கோள் இது. 1986-இல் சேலஞ்சர் என்ற ஓடம் வெடித்துச் சிதறியபின் அந்த வாய்ப்புப் போயிற்று. எடையைப் பாதிக்கும் கீழே குறைத்து, டெல்டா ராக்கெட்டில் ஏற்றும்படி மறுபடி வடிவமைத்தார்கள். 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அதில் மூன்று கருவிகள் இருந்தன. அவற்றில் ஃபிராஸ் என்ற, ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அது வேலை செய்த விதம் மண்டித் தராசு மாதிரி. மேட்டுப்பாளையம் மண்டியில் காரட் மூட்டையை ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் எடைக்கல் ஏறும். முள் நடுவில் நின்றால்தான் கணக்கு. ஃபிராஸின் ஒரு தட்டில் வானம். மறுதட்டில் வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கரும்பொருள், அதாவது தன்மேல் படும் ஒளி முழுவதையும் விழுங்கித் தன் வெப்பநிலைக்கு ஏற்ப மட்டும் கதிர்வீசும் பொருள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கருவி பதிவு செய்யும். வெப்பநிலைகள் ஒத்துப்போனால் பதிவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. எடைக்கல்லே சரியானதுதானா என்ற சந்தேகம் வருமே? அதற்கு முத்திரை குத்திய கல் ஒன்றும் இருந்தது: வானம் பார்க்கும் கொம்பின் வாயை அவ்வப்போது அடைத்து நிற்கும் இன்னொரு கரும்பொருள்.

1990 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் ஃபிராஸை நடத்திய ஜான் மாதர் முதல் வரைபடத்தைத் திரையில் காட்டினார். வெறும் 9 நிமிடத் தரவு அது. கோட்பாடு சொன்ன கரும்பொருள் வளைகோட்டின்மேல் அளவீட்டுப் புள்ளிகள் அத்தனையும் அப்படியே உட்கார்ந்திருந்தன. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வரைபடத்துக்கு எழுந்து நின்று கைதட்டும் கூட்டம் வேறெங்கே உண்டு?

கருவியைக் குளிர்வித்த திரவ ஹீலியம் 10 மாதத்தில் தீர்ந்தது. அதற்குள் ஃபிராஸ் தன் வேலையை முடித்துவிட்டது.

எங்கும் ஒரே வெப்பநிலை என்கிறீர்கள். படத்தில் ஏன் நீலமும் சிவப்பும் திட்டுத்திட்டாக இருக்கிறது?

நிறங்கள் மனிதர்கள் பூசியவை, வித்தியாசம் உண்மை. ஆனால் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று படம் சொல்வதில்லை, அதுதான் எனக்குப் படத்தின்மேல் உள்ள குறை.

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அந்த உயரத்தில் பூமி முழுவதும் சமதளமான மேடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.725 கெல்வின் என்பது அந்த மேடையின் உயரம். முதலில் தெரிவது, மேடை ஒரு பக்கம் சுமார் 3 மீட்டர் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் அதே அளவு தாழ்ந்தும் சாய்ந்திருப்பது. இதற்குக் காரணம் நாம்தான்: சூரியக் குடும்பம் நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திசையில் போகிறது. போகும் திசையில் வானம் 3.36 மில்லிகெல்வின் சூடாகவும், விட்டு வந்த திசையில் அதே அளவு குளிராகவும் தெரியும். இந்தச் சாய்வைக் கழித்த பிறகு, குறுக்கே ஓடும் பால்வீதியையும் கழித்த பிறகு, மிஞ்சுகிற மேடு பள்ளம் 3 சென்டிமீட்டர். லட்சத்தில் ஒரு பங்கு.

அந்த 3 சென்டிமீட்டரை கோபியின் டிஎம்ஆர் கருவி கண்டது. 1992 ஏப்ரலில் அறிவித்தார்கள். 60 டிகிரி இடைவெளியில் இரண்டு கொம்புகள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளப்பது, இங்கும் தராசுதான். கொஞ்சம் அடர்ந்த இடம், கொஞ்சம் அடர்வு குறைந்த இடம் என்ற இந்த நூலிழை வேறுபாட்டை ஈர்ப்பு விசை கோடானுகோடி ஆண்டுகள் பெருக்கியதால்தான் விண்மீன் மண்டலங்கள் உண்டாயின. மாதரும் டிஎம்ஆரை நடத்திய ஜார்ஜ் ஸ்மூட்டும் 2006-இல் நோபல் பெற்றார்கள்.

கோபி கண்டுபிடித்துவிட்டதே, பிறகு டபிள்யூமேப், பிளாங்க் என்று இன்னும் இரண்டு செயற்கைக்கோள் எதற்கு?

கோபிக்குக் கிட்டப்பார்வை. 7 டிகிரிக்குக் குறைந்த எதையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. பதினான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்தால் வரும் அகலம் அது. முக்கியமான சேதி இருந்ததோ சுமார் 1 டிகிரி அளவில்.

ஏன் 1 டிகிரி? எலக்ட்ரான் மூட்டம் இருந்த காலத்தில் அந்தக் குழம்பில் ஒலி அலைகள் ஓடின. அழுத்தம், தளர்வு, மறுபடி அழுத்தம். மூட்டம் விலகும் நொடிவரை ஒலி எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று கணக்கிடலாம். அது நீளம் தெரிந்த ஓர் அளவுகோல். அந்த அளவுகோல் வானத்தில் எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்று பார்த்தால், நடுவில் உள்ள வெளி வளைந்திருக்கிறதா, தட்டையா என்பது தெரிந்துவிடும். தட்டை என்றுதான் விடை வந்தது.

டபிள்யூமேப் 2001 ஜூன் 30 அன்று கிளம்பியது. பூமியிலிருந்து சூரியனுக்கு எதிர்ப்பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்-2 என்று ஓரிடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலா மூன்றும் முதுகுப் பக்கம் போய்விடும். ஒரே மறைப்பு போதும். பின்னுக்குப் பின் நிற்கும் இரண்டு தொலைநோக்கிகளுடன் ஒன்பது ஆண்டுகள் அளந்தது. பெயரில் உள்ள 'டபிள்யூ' பிரின்ஸ்டனின் டேவிட் வில்கின்சனுக்கு. 1965-இல் டிக்கியின் குழுவில் கருவி கட்டிக்கொண்டிருந்த அதே இளைஞர். 2002-இல், முதல் முடிவுகள் வெளிவரும் முன்பே காலமானார்.

பிளாங்க் ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது; 2009 மே 14 அன்று ஹெர்ஷெல் தொலைநோக்கியோடு ஒரே ராக்கெட்டில் சென்றது. 30 முதல் 857 கிகாஹெர்ட்ஸ் வரை ஒன்பது அதிர்வெண்களில் பார்த்தது. ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை பிரித்தறிந்தது. அதன் உணரிகள் சிலவற்றை 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்தார்கள். அளக்க வேண்டியதைவிட அளக்கும் கருவி குளிர்ந்திருக்க வேண்டுமே. 2013 அக்டோபரில் அணைத்துவிட்டார்கள்.

ஒன்பது அதிர்வெண்கள் எதற்கு? ஒன்று போதாதா?

போதாது என்பதற்கு 2014-இல் பெரிய பாடம் கிடைத்தது. தென்துருவத்தில் இருந்த பைசெப்-2 என்ற கருவி, பின்னணிக் கதிர்வீச்சின் முனைவாக்கத்தில், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதில், ஆதிகால ஈர்ப்பலைகளின் சுவடு தெரிகிறது என்று மார்ச் மாதம் அறிவித்தது. உலகமே கொண்டாடியது, நானும் பள்ளியில் மிட்டாய் கொடுத்தேன். ஆனால் அவர்கள் பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் ஒன்றில்தான். நம் பால்வீதியின் தூசியும் அதே மாதிரி முனைவாக்கம் காட்டும். அதிர்வெண் ஏற ஏறத் தூசி பிரகாசமாகும். பின்னணிக் கதிர்வீச்சு அப்படி ஆகாது. பிளாங்க் 353 கிகாஹெர்ட்ஸில் எடுத்த தூசிப் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சுவட்டைத் தனியாக நிறுவ முடியவில்லை. 2015-இல் இரு குழுக்களும் சேர்ந்தே அதை எழுதின. மிட்டாயைத் திருப்பிக் கேட்க முடியுமா?

1,380 கோடி ஆண்டு என்று வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

திட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து, எந்த அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று வரைந்தால் மலைத்தொடர் போல ஒரு கோடு வரும். சிகரங்கள் எங்கே, எவ்வளவு உயரம் என்பதில்தான் விடை. அந்த ஒலி அலையைச் சுருள்வில்லில் தொங்கும் எடையாக நினைத்துக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டினால் கீழே இறங்குவது அதிகமாகும். சாதாரணப் பொருள் கூடினால் அழுத்தத்தைக் குறிக்கும் முதல், மூன்றாம் சிகரங்கள் இரண்டாவதைவிட ஓங்கும். ஒளியோடு ஒட்டாத இருண்ட பொருளின் அளவு வேறு விதமாகத் தடம் பதிக்கும். எல்லாச் சிகரங்களுக்கும் ஒருசேரப் பொருந்துகிற கலவையைத் தேடினால் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், இருண்ட பொருள் 27, விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் 68 என்று வருகிறது. கலவை தெரிந்தால் விரிவின் வரலாறு தெரியும். பின்னோக்கி ஓட்டினால் வயது.

இருண்ட பொருள் என்றால் என்னவென்று இங்கே கேட்காதீர்கள். எவ்வளவு என்று தெரியும், எதுவென்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதா?

இல்லை. பிளாங்க் தரவின்படி இன்றைய விரிவு வேகம், 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர். விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து நேரடியாக அளப்பவர்களுக்குச் சுமார் 73 வருகிறது. இரு தரப்பும் தங்கள் தராசு சரி என்கிறது.

மைக்ரோவேவ் என்கிறீர்களே, உடம்புக்குக் கெடுதியா?

ஒரு சதுர மீட்டருக்கு விழுவது சுமார் 3 மைக்ரோவாட். நண்பகல் வெயில் அதே இடத்தில் ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. பயப்பட வேண்டுமானால் வெயிலுக்குப் பயப்படுங்கள். மலையில் தோல் சீக்கிரம் கருக்கும்.

பழைய டிவியில் ஆன்டெனாவைப் பிடுங்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அது இதுதானாமே?

அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மீதி, டிவியின் சொந்த இரைச்சலும் ஊர் இரைச்சலும்.

இந்தியாவில் யாராவது இதில் வேலை செய்கிறார்களா?

பலர். எனக்குப் பிடித்த உதாரணம் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சாரஸ். முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜன், பின்னணிக் கதிர்வீச்சில் விட்டிருக்கக்கூடிய மெல்லிய பள்ளத்தைத் தேடும் கருவி அது. 2018-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த எட்ஜஸ் கருவி அப்படி ஒரு பள்ளத்தைக் கண்டதாக அறிவித்தது. சரிபார்க்க வேண்டும், ஆனால் ஆன்டெனாவின் கீழே உள்ள மண்ணும் அதன் ஈரமும் அளவைக் கெடுக்கும். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2020-இல் கர்நாடகத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் தேங்குநீரிலும் ஆன்டெனாவைத் தெப்பம் போல மிதக்கவிட்டார்கள். கீழே தண்ணீர், எல்லாப் பக்கமும் ஒரே சீர். 2022-இல் வந்த முடிவில் அந்தப் பள்ளம் தென்படவில்லை.

பெருவெடிப்பு நடந்த இடம் எந்தத் திசையில்?

எல்லாத் திசையிலும், நீங்கள் நிற்கும் இடமும் அதில் சேர்த்திதான். ஓர் இடத்தில் வெடித்து வெளியே சிதறவில்லை, விண்வெளிதான் விரிந்தது. அதனால்தான் கதிர்வீச்சு எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது.

கண்ணுக்குத் தெரியாது சரி. எங்காவது நின்று "இதோ" என்று கைகாட்டவாவது முடியுமா?

முடியும். மார்ச் கடைசியில், மழை மேகம் சேரும் முன், இரவு பத்து மணிக்கு வெளியே வாருங்கள். தலைக்கு மேல் சிம்ம ராசி இருக்கும்; அரிவாளைக் கவிழ்த்த மாதிரி வளைவும் அதன் காம்பில் மகம் நட்சத்திரமும். அங்கிருந்து தெற்கே கொஞ்சம் இறங்கினால், பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லாத இடம் வரும். 3.36 மில்லிகெல்வின் சூடாகத் தெரியும் திசை அதுதான். நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் நாம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்லிக் கைகாட்டியபோது எதிர்வீட்டுப் பெண், "அவ்வளவு வேகமாகப் போனால் முகத்தில் காற்று அடிக்க வேண்டாமா தாத்தா?" என்று கேட்டாள். அடிக்கத்தான் அடிக்கிறது, அதைத்தான் மில்லிகெல்வினில் அளந்திருக்கிறார்கள் என்றேன். அவள் குல்லாவைக் கழற்றிவிட்டு, அந்தத் திசையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.